வசூல் வக்கீல்

பாரிஸ்டர் படிப்பு என்பது அந்தக் காலத்தில் பாதி படிப்பு, பாதி பந்தி. லண்டன் இன்னர் டெம்பிளில் இத்தனை விருந்துக்கு ஆஜர் என்று கணக்குக் காட்டினால்தான் கறுப்பு கவுன் கிடைக்கும். நாலு பேருக்கு ஒரு மேஜை, மேஜைக்கு இரண்டு பாட்டில் ஒயின். கத்தியவாரிலிருந்து வந்திருந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி கறி தின்ன மாட்டார், சாராய வகையைத் தொட மாட்டார். ஆகவே அவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்க மாணவர்களிடையே ஏகப் போட்டி. மூன்று பேர் குடிக்க நாலு பேர் பங்கு என்றால் யார்தான் விடுவார்கள்?

1891 ஜூன் 10ஆம் தேதி அவரை பாரிஸ்டர் என்று அறிவித்தார்கள். 12ஆம் தேதி கப்பல் ஏறிவிட்டார். மூன்று வருஷச் செலவை நினைத்துக் குடும்பம் வாசலில் காத்திருந்தது.

பம்பாயில் முதல் கேஸ். ஸ்மால் காஸ் கோர்ட், மமீபாய் என்ற பெண்மணிக்காக, ஃபீஸ் முப்பது ரூபாய். கேஸ் பிடித்துக் கொடுத்த புரோக்கருக்குக் கமிஷன் வெட்ட வேண்டும் என்றார்கள். பெரிய பெரிய வக்கீலே கொடுக்கிறார், உனக்கென்ன என்றார்கள். முடியாது என்றுவிட்டார். இதுவரை வீரம். அப்புறம் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். கால் வெடவெடத்தது, தலை சுற்றியது, கோர்ட்டே சேர்ந்து சுற்றியது. ஒரு கேள்வி வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஏஜெண்டைக் கூப்பிட்டு, பட்டேல் என்ற வக்கீலைப் பிடித்துக்கொள்ளுங்கள், என் ஃபீஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கட்சிக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பினார். பட்டேல் ஐம்பத்தொரு ரூபாய் வாங்கினார். ஜூனியரை விட சீனியர் கூட வாங்குவது உலக வழக்கம்தானே.

சரி, வாத்தியார் வேலையாவது பார்ப்போம் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டார். தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும், எழுபத்தைந்து ரூபாய் சம்பளம். பி.ஏ. இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். லண்டன் பாரிஸ்டர், உள்ளூர் பி.ஏ.விடம் தோற்றுப் போய் ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனு எழுதிப் பிழைத்தார். வாய் திறக்க வேண்டாம், பேனா திறந்தால் போதும். மாதம் முந்நூறு ரூபாய் தேறியது.

இந்த ஆள்தான் முப்பது வருஷம் கழித்து மூன்றே மாதத்தில் ஒரு கோடி ரூபாய் வசூல் செய்யப் போகிறார். கேள்வி கேட்க வாய் வராதவருக்குப் பணம் கேட்க மட்டும் எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை.

1893இல் தாதா அப்துல்லா கம்பெனி தென்னாப்பிரிக்காவுக்குக் கூப்பிட்டது. ஒரு வருஷத்துக்கு 105 பவுன், போக வர முதல் வகுப்பு டிக்கெட், சாப்பாடு தங்கல் இலவசம். அவரே பின்னால் ஒப்புக்கொண்டபடி, அது வக்கீலாகப் போனதில்லை. கம்பெனிச் சிப்பந்தியாகப் போனதுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து தள்ளிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும், சினிமாவே வந்துவிட்டது. முதல் வகுப்பு டிக்கெட்டுக்கு உரிய மரியாதை கிடைக்காத கோபம் ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தது என்பதோடு அதை விட்டுவிடுவோம்.

போன வேலை என்ன? தாதா அப்துல்லாவுக்கும் அவர் சொந்தக்காரர் தயப் சேட்டுக்கும் 40,000 பவுன் வழக்கு. இரண்டு பக்கமும் வக்கீல் ஃபீஸ் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து இந்தப் பையனுக்கு வயிற்றைக் கலக்கியது. நம்ம ஊர் கெட்டிக்கார வக்கீல் என்றால், இதே கேஸில் இரண்டு தலைமுறை வாய்தா வாங்கி, மகள் கல்யாணத்தையும் மகன் படிப்பையும் முடித்திருப்பார். காந்தி இரண்டு பேரையும் உட்கார வைத்து மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். 37,000 பவுனும் செலவும் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரே அடியாகக் கட்டினால் தயப் சேட் திவால். அதனால் தவணை முறை. அந்தத் தவணைக்கு அப்துல்லாவைச் சம்மதிக்க வைப்பதுதான் மத்தியஸ்தத்தை விடப் பெரிய பாடாக இருந்ததாம். சாவகாசமாகப் பணம் பிரிக்கும் வித்தையை அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

1894இல் வேலை முடிந்தது. டர்பனில் பிரிவு உபசார விருந்து. சாப்பிடப் போனவர் பேப்பரைப் புரட்ட, மூலையில் ஒரு துண்டுச் செய்தி: நேட்டால் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா. இது தெரியுமா என்று கேட்டார். எங்களுக்கு வியாபாரம்தான் தெரியும் என்றார்கள் வியாபாரிகள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்களேன் என்றார்கள். ஒரு மாதம் தங்குகிறேன் என்று வந்து இறங்கும் தாய்மாமனை நமக்குத் தெரியும். இவர் இருபது வருஷம் இருந்தார்.

இருப்பதற்கு ஃபீஸ்? பொதுக் காரியத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். நல்லது. ஆனால் கூடவே ஒரு கணக்கும் போட்டார்: டர்பனில் ஒரு பாரிஸ்டர் மரியாதையாகக் குடியிருக்க வருஷம் 300 பவுன் ஆகும், உங்கள் கோர்ட்டு வேலையை எனக்குக் கொடுங்கள். இருபது வியாபாரிகள் வருஷ முன்பணம் கட்டினார்கள். அப்துல்லா சேட் விடைபெறும்போது கொடுக்க வைத்திருந்த பணமுடிப்பில் மேஜை நாற்காலி வாங்கிப் போட்டார். சேவை இலவசம், பிழைப்பும் நடந்தது. இதில் தப்பே இல்லை. குஜராத்தி பனியாவுக்கு முதலும் லாபமும் எங்கே பிரிகிறது என்று பிறவியிலேயே தெரியும்.

நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் பதிவு செய்யப் போனபோது வெள்ளைக்கார வக்கீல் சங்கம் எதிர்த்தது. கோர்ட் அதைத் தள்ளிவிட்டு இவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்த கையோடு, அந்தத் தலைப்பாகையைக் கழற்று என்றார் நீதிபதி. கழற்றினார். நண்பர்களுக்குக் கோபம். பெரிய சண்டைக்குப் பலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று சமாதானம் சொன்னார்.

கொஞ்ச நாளில் அவர் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம், கிழிந்த துணி, முண்டாசு கையில். எஜமான் அடித்த அடி. காந்தியின் குமாஸ்தா தமிழர் என்பதால் மொழிபெயர்த்தார். காந்தி முதலில் கவனித்தது முண்டாசை. வெள்ளைக்காரன் முன்னால் போனால் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்று கூலிகளைப் பழக்கி வைத்திருந்தார்கள். பாலசுந்தரம் அதே பழக்கத்தில் இவர் முன்னாலும் நின்றார். கட்டிக்கொள் என்றார், கோர்ட்டில் தன்னுடையதைக் கழற்றிய அதே வக்கீல். வழக்கை நீட்டாமல், எஜமானை மாற்றிக் கொடுத்தார். தோட்டங்கள் முழுக்க அந்தச் செய்தி பரவியது. தமிழ் ஜனங்களுக்கும் அவருக்கும் கணக்குத் திறந்தது அந்த உடைந்த இரண்டு பல்லில்தான்.

1894இலேயே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியாயிற்று. சந்தா மாதம் ஐந்து ஷில்லிங்குக்குக் குறையக்கூடாது. வசதியுள்ளவர் கூடப் போடலாம். அப்துல்லா சேட் இரண்டு பவுன் என்றார். தானும் பின்வாங்கக் கூடாதென்று காந்தி ஒரு பவுன் போட்டார். கூட்டத்தில் பெயர் கொடுத்து, கைதட்டு வாங்கி, மறுமாதம் வீட்டில் இல்லை என்று சொல்லும் வழக்கம் டர்பனிலும் இருந்தது. எனவே வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வசூலுக்குக் கிளம்பினார்கள்.

டோங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி வீட்டில் இறங்கினார்கள். ஆறு பவுன் எதிர்பார்த்துப் போனது. அவர் மூன்று என்றார். மூன்றை வாங்கினால் அடுத்த ஊர்க்காரன் ஒன்றரை என்பான். ராத்திரியாகிவிட்டது, எல்லோருக்கும் பசி. வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிடுகிறார். இவர்கள் கை நனைக்க மாட்டேன் என்கிறார்கள். ஊர்ப் பெரிய வியாபாரிகள் வந்து பேசிப் பார்த்தார்கள். அசையவில்லை. விடிய விடிய ஒரு பக்கம் வீட்டுக்காரரும் இன்னொரு பக்கம் வசூல் கோஷ்டியும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. பொழுது விடியும்போது மனுஷர் தாங்க முடியாமல் ஆறு பவுனை எடுத்து வைத்தார். அப்புறம் விருந்து.

கடன்காரன் வாசலில் பட்டினி உட்கார்ந்து பாக்கியை வசூலிப்பது இந்தியாவில் பழைய வழக்கம். தர்ணா என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். பின்னாளில் வைஸ்ராய்களைத் தூங்கவிடாமல் செய்த உண்ணாவிரதத்துக்கு ஒத்திகை நடந்தது டோங்காட்டில், மூன்று பவுனுக்காக. என் அபிப்பிராயம் அது.

ரசீது இல்லாமல் ஒரு பென்னி வாங்க மாட்டார், கணக்கு எழுதாமல் ஒரு பென்னி செலவழிக்க மாட்டார். சங்கத்தில் பணம் இருந்தால் சண்டை வரும் என்றும் தெரியும். 1901இல் இந்தியா திரும்பக் கிளம்பியபோது நேட்டால் மக்கள் தங்கச் சங்கிலி, தங்கக் கடிகாரம், வைர மோதிரம் என்று குவித்தார்கள். கஸ்தூர்பாவுக்கு மட்டும் ஐம்பது கினி பெறுமானமுள்ள ஒரு கழுத்துமாலை. ராத்திரியெல்லாம் தூங்காமல் நடந்த பாரிஸ்டர், எல்லாவற்றையும் பொது அறக்கட்டளைக்கு எழுதி வைக்க முடிவு செய்தார். முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்தார்; சாட்சிகளைத் தயார் செய்யாத வக்கீல் என்று பேர் வாங்கியவர், இந்த ஒரு கேஸில் மட்டும் செய்தார். கஸ்தூர்பா குறுக்கு விசாரணைக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. உங்களுக்கு வேண்டாம், சரி. நாளைக்கு வரும் மருமகள்களுக்கு? எனக்குக் கொடுத்ததைத் திருப்பித் தர நீங்கள் யார்? என் சேவைக்குக் கொடுத்தது அது என்றார் இவர். உங்கள் சேவையில் ராப்பகலாக நான் உழைத்தது இல்லையா என்றார் அந்த அம்மா. நியாயமாகப் பார்த்தால் அந்த வழக்கு கஸ்தூர்பா பக்கம்தான். ஆனால் எதிர்க்கட்சிக்காரரே நீதிபதியாகவும் உட்கார்ந்திருந்ததால் மாலை போயிற்று.

மறுபடி போய் ஜோகன்னஸ்பர்க்கில் கடை போட்டபோது தொழில் பிடித்துக்கொண்டது. வருஷம் 5,000 பவுன் வரை வந்தது என்கிறார்கள். 1903இல் ஆரம்பித்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை அதை மென்று தின்றது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் கைக்காசு. பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இங்கிலீஷ், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நாலு மொழியில் வந்தது. தமிழ்ப் பகுதி சில வருஷத்தில் நின்றுபோனது. தமிழர்கள் ஜெயிலுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சத்தியாக்கிரகத்தில் குஜராத்தி வியாபாரி பணம் போட்டார், தமிழர் உடம்பைப் போட்டார். காந்தியே இதைப் பலமுறை எழுதியிருக்கிறார். இந்த இரண்டில் எது திருப்பி வராத முதலீடு என்று தில்லையாடி வள்ளியம்மையைக் கேட்க முடியாது. ஜெயிலில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914இல் போய்விட்டாள்.

வசூல் செய்கிறவன்மேல் சந்தேகம் வராமல் இருக்குமா? 1908இல் டிரான்ஸ்வால் மந்திரி ஸ்மட்ஸுடன் சமாதானம் பேசி வந்தபோது ஒரு பட்டாணியர் கூட்டத்திலேயே எழுந்து, 15,000 பவுனுக்குச் சமூகத்தை விற்றுவிட்டாய் என்றார். சில நாளில் நடுத்தெருவில் மண்டையை உடைத்தார்கள். அடுத்த வருஷம் ரத்தன் டாடா 25,000 ரூபாய் அனுப்பினார். அடி வாங்கியவருக்குத்தான் காசு வரும் என்ற விதியை அரசியல்வாதிகள் இன்றுவரை மறக்கவில்லை.

இந்தியா திரும்பியபின் கை பெரிதாயிற்று. 1921 வசந்தத்தில் பெஜவாடாவில் காங்கிரஸ் கமிட்டி கூடி, திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஜூன் 30க்குள் ஒரு கோடி ரூபாய் என்று தீர்மானம் போட்டது. ஒரு கோடி என்றால் அந்தக் காலத்துக் கோடி. கெடுவுக்குள் சேர்த்தும்விட்டார். அதே வருஷம் செப்டம்பரில் மதுரையில் சட்டையையும் விட்டு முழ வேட்டிக்கு வந்தார். கோடி ரூபாய் பிரித்தவர் கட்டியிருக்கும் துணியைப் பார்த்தபின் கணக்குக் கேட்க யாருக்கு மனசு வரும்?

இதற்கிடையில் வக்கீல்களையெல்லாம் கோர்ட்டை விட்டு வெளியே வா என்று கூப்பிட்டுவிட்டார். மோதிலால் நேரு வந்தார், சி.ஆர். தாஸ் வந்தார். ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஒரு கேள்வி கேட்க முடியாதவர் சொல்லி, வாய் வியாபாரத்தில் லட்சம் லட்சமாகச் சம்பாதித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1922இல் ராஜத்துரோக வழக்கில் தொழில் என்ன என்று கேட்டபோது விவசாயி, நெசவாளி என்றார். அந்த வருஷமே இன்னர் டெம்பிள் அவர் பெயரை அடித்துவிட்டது. அத்தனை விருந்துக்கு உட்கார்ந்ததும் வீண். 1988இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் போய் நாற்பது வருஷம் ஆகியிருந்தது. எனவே அவர் தரப்பில் ஆட்சேபம் இல்லை.

கையெழுத்துக்கு ஐந்து ரூபாய். வரவேற்புப் பத்திரத்தை வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுத்தால், படித்து முடித்தவுடன் மேடையிலேயே ஏலம். கழுத்தில் போட்ட மாலையும் ஏலம். 1930இல் தண்டியில் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு 1,600 ரூபாய்க்குப் போனது. உப்பு வரி அநியாயம் என்று சொன்ன மனுஷர், அதே உப்பை உலகத்திலேயே அதிக விலைக்கு விற்றார்.

1927இல் கதர் நிதிக்காகச் செட்டிநாட்டுக்கு வந்தார். அரண்மனை மாதிரி வீடுகளில் சீமைக் கண்ணாடியும் சீமைச் சாமானும் அடைந்து கிடப்பதைப் பார்த்து, இந்த வீடுகளை அலங்கரிக்கும் காண்ட்ராக்டை என்னிடம் விடுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் காற்றோட்டமாகச் செய்து தருகிறேன் என்றார். வட்டிக் கணக்கில் உலகத்துக்கே பாடம் எடுத்த நகரத்தார்கள் முன்னால் நின்று இப்படிப் பேச ஒரு பனியாவால்தான் முடியும். திட்டு வாங்கிக்கொண்டே பணமுடிப்பும் கொடுத்தார்கள். தொழில்காரனுக்குத் தொழில்காரன் மரியாதை.

1933 நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் 12,500 மைல் சுற்றி எட்டு லட்சம் ரூபாய் திரட்டினார். பெண்கள் கூட்டம் என்றால் முதலில் அவர் பார்வை போவது வளையல் பக்கம். மலபாரில் வடகரையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கையெழுத்துக் கேட்டு வந்து, வளையலைக் கழற்றினாள், சங்கிலியைக் கழற்றினாள், கடைசியில் தோட்டையும் கழற்றினாள். அப்பா அம்மா சம்மதம் உண்டா என்று விசாரித்தவர், இதற்குப் பதிலாக வேறு நகை கேட்கமாட்டேன் என்றும் வாக்கு வாங்கினார். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நேட்டாலில் கஸ்தூர்பாவிடம் நடந்த வழக்கை வேறு கட்சிக்காரரிடம் அப்பீலில் ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றும்.

காலணாவுக்கும் ரசீது வைத்த இந்தக் கணக்குப் புலி ஒரே ஒரு பாக்கியைக் கோட்டை விட்டார். அது தமிழன் பாக்கி.

வ.உ. சிதம்பரம் பிள்ளையும் வக்கீல்தான், அவரும் வசூல்காரர்தான். 1906இல் பத்து லட்சம் மூலதனம், பங்கு 25 ரூபாய் என்று ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி, வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டார். வெள்ளைக் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்தது, பிறகு சும்மா ஏறு என்றது, ஏறினால் குடையும் உண்டு என்றது. நம் ஜனத்துக்குக் குடை பிடிக்கும். 1908இல் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அப்பீலில் குறைந்தது. கோவை ஜெயிலில் செக்கு. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வாசலில் கூட்டமில்லை, கம்பெனி இல்லை, கப்பல் எதிரியிடமே விலைபோயிருந்தது, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து கடை வைத்தார். அந்தக் கைக்கு நிறுத்து விற்கத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் கொடுப்பது.

தென்னாப்பிரிக்காவில் வேதியப்பப் பிள்ளை முதலான தமிழர்கள் இவர் கஷ்டத்தைக் கேட்டுக் காசு சேர்த்தார்கள். அந்தப் பணம் காந்தி கையில் போயிற்று. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் இறங்கினார். பார்க்க வேண்டும் என்று பிள்ளை கடிதம் எழுதினார். சில நிமிஷம் ஒதுக்கலாம், காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்று பதில். நம் பேச்சு சில நிமிஷத்தில் அடங்காது, அதுவுமில்லாமல் ஏழைக்கு வாகனம் டிராம், மயிலாப்பூரிலிருந்து ஐந்தரைக்கு மேல்தான் கிளம்பும் என்று எழுதினார் பிள்ளை. ஒரு காலத்தில் இரண்டு கப்பல் வைத்திருந்தவர்.

பணப் பேச்சு வந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு என்று காந்திக்கு நினைவில்லை. நேட்டாலுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். பிள்ளை ஒரு கடிதம் எழுதினார். பிறகு இன்னொன்று. கேட்கக் கூசுகிறது, ஆனால் வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் இல்லை என்கிற தொனியில். டோங்காட் வியாபாரி வீட்டில் விடிய விடிய உட்கார்ந்த மாதிரி இவரும் காந்தியின் வாசலில் பட்டினி உட்கார்ந்திருக்கலாம். ஊருக்காகக் கேட்கும்போது லட்சம் கேட்ட மனுஷருக்குத் தனக்காகக் கேட்கும்போது தபால் கார்டுகூடக் கனத்தது.

1916 ஜனவரி வாக்கில் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா.

பின்னாளில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி முயற்சி எடுத்து, பிள்ளைக்கு வக்கீல் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். காந்தி எல்லா வக்கீலையும் கோர்ட்டை விட்டு வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். பிள்ளை காங்கிரஸை விட்டு வெளியே வந்து, கவுனை மாட்டிக்கொண்டு கோவில்பட்டி கோர்ட்டுக்குள் போனார். ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு காந்தி என்று பெயர் வைத்த காலத்தில் வெள்ளைக்காரன் பெயரா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வாலஸிடம் ஒரு பாக்கியும் நின்றதில்லையே.